கதவில் பதிந்த இடியப்ப உரல்

இன்று காலை இடியப்பம் பிழியும்போது மறுபடியும் மெழுகு மணத்தது. புளி போட்டுத் தேய்த்தும் பார்த்துவிட்டேன், சுடுதண்ணீரில் ஊறவிட்டும் பார்த்துவிட்டேன். குழைத்த மா சூட்டோடு உள்ளே இறங்கியதும், உரலின் ஏதோ ஒரு மூலையில் ஒட்டியிருக்கிற மெழுகு இளகிக் குசினி முழுக்க மணக்கிறது. என் மனிசன் தட்டை எடுத்தவுடனேயே முகத்தைச் சுளித்தார். "மெழுகுதிரியைத் திண்ட மாதிரிக் கிடக்கு. உந்த உரலை எறிஞ்சுபோட்டு வேறை ஒண்டு வாங்கன்" என்றார். "பிடிக்காட்டிப் பாண் கிடக்கு, எடுத்துத் தின்னுங்கோ" என்றேன். சொதியை எடுத்து ஊற்றிக்கொண்டார்.

உன்னுடைய உரல்தானடி அது. நீ ஊரிலிருந்து சீலைகளுக்கு நடுவில் சுற்றிக்கொண்டு வந்த பித்தளை உரல். இடப்பக்கக் கைபிடி கீழ்நோக்கி வளைந்தது. கனடாவில், இந்த ஸ்காபரோவில் உன் கையால் இடியப்பம் தின்னாத தமிழ்ச் சனம் குறைவு. கோயில் அன்னதானம், சாமத்தியவீடு, செத்தவீட்டு எட்டுச்செலவு, எதற்குக் கூப்பிட்டாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் போவாய். விழா ஹோல் குசினிகளில் உன்னோடு நின்று மா குழைத்த பெண்களுக்கெல்லாம் அந்த வளைவைத் தெரியும். ஆராவது கேட்டால் தலை நிமிராமலே சொல்லுவாய்: "விழுந்து போச்சு. வளைஞ்சாலும் பிழியுதுதானே."

நாங்கள் பழகத் தொடங்கியது நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த அப்பார்ட்மெண்டின் நிலக்கீழ், உடுப்புத் தோய்க்கிற லோண்ட்ரி அறையில். நான் வேதக்காரி, நீ சைவக்காரி. வெள்ளிக்கிழமை என் வீட்டில் மீன் பொரிக்கிற மணம் உன் வீட்டுக்கு வருகிறதென்று முறைப்பாட்டோடுதான் முதல் கதை தொடங்கினாய். அடுத்த வெள்ளி நீயே மரக்கறி கொண்டுவந்து தந்தாய், என்னை மீன் பொரிக்கவிடாமல் செய்ய. உனக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரால் எனக்கு உன் வீட்டுக் குக்கர் விசிலும் கேட்கும், மற்றதும் கேட்கும்.

மற்றது தொடங்குகிற நேரம் நீ தமிழ் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவிடுவாய். வாழ்த்து நிகழ்ச்சி, மரண அறிவித்தல், எது போனாலும் சரி, முழுச் சத்தம். எங்கள் மாடியிலிருந்து மனேஜரிடம் முறைப்பாடு போனது, ரேடியோச் சத்தம் தாங்க முடியவில்லை என்று. அவர் வந்து உன் கதவைத் தட்டி எச்சரித்துவிட்டுப் போனார். ரேடியோவுக்குக் கீழே கிடந்த சத்தத்தைப் பற்றி ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. நீ இருக்கும்வரை உன் மனிசனை "அவர்" என்றுதான் சொல்லிவந்தேன், உனக்காக. இனி எனக்கு அந்த மரியாதை வாயில் வராது.

உரல் வளைந்தது சொதியில் உப்புக் குறைந்ததற்கு. ஊர்ச்சங்கத்து ஆட்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிவந்தான். அவர்களில் ஒருவர் சிரித்துக்கொண்டே, "தங்கச்சி, உப்பைக் கடன் வாங்கவேணும் போல" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பகிடிக்கு நீயும் சிரித்தாயாம். அவர்கள் லிஃப்டில் இறங்கிப்போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு ரேடியோ கூடியது. அடுத்த நாள் காலையில் நீ கதவைத் திறந்தபோது உன் இடது மணிக்கட்டு கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கிடந்தது. உரல் சிங்குக்குள் கிடந்தது.

நான்தான் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "படியால விழுந்தனான்" என்றாய் டொக்டரிடம். லிஃப்ட் உள்ள வீட்டில் எந்தப் படியடி? அவர் கண்ணாடிக்கு மேலால் உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கப் போனேன், நீ காலால் என் காலை மிதித்தாய். வெளியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னேன், "இனி ஒருக்காச் சத்தம் கேட்டால் நான் பொலிசைக் கூப்பிடுவன், நீ என்னோட கோவிச்சாலும் பரவாயில்லை" என்று. நீ வீங்காத கையால் என் கையைப் பிடித்து உன் மகளின் பள்ளிக்கூடப் படம் இருந்த பேர்சின் மேல் வைத்தாய்.

"என்ரை பிள்ளையில ஆணை. ஆருக்கும் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணு. அவளுக்கு ஒண்டும் தெரியாது. தெரியவும் கூடாது. அவள் படிச்சு, ஒரு நல்ல இடத்தில கலியாணம் முடிச்சுப் போகட்டும்."

பிள்ளையில் ஆணை என்றால் எங்களுக்குக் கை கட்டினது மாதிரித்தானே. வேதக்காரி என்றாலும் எனக்கும் பயம். செய்தேன். செய்துவிட்டு உன்னோடு எரிந்து விழுந்தேன். "உனக்கு விசர்" என்றேன். "ஓம், விசர்தான்" என்றாய்.

அந்தக் கிழமையே தமிழ்க்கடைகள் இருக்கிற பிளாசாவில் உன் மகளுக்கு ஹெட்ஃபோன் வாங்கினாய். காதை முழுக்க மூடுகிற பெரிய சாதி. கடைக்காரன் காட்டியதில் எது ஆகக் கூடச் சத்தத்தை மறைக்கும் என்று கேட்டுக் கேட்டு வாங்கினாய். திரும்பி வருகிற வழியில் உன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் இன்னும் மறக்கவில்லை. "இனி அவளுக்கு ஒண்டும் கேக்காது" என்றாய். ஏதோ பிள்ளைக்குக் காணி வாங்கிவிட்டவள் மாதிரி இருந்தாய்.

பிறகு உன்னைப் படுக்கையில் விழுத்தின வருத்தம் வந்தது. அடியால் வந்ததில்லை, டொக்டர்மார் சொன்ன காரணம் வேறு, அதை நான் நம்புகிறேன். கடைசிக் காலத்தில் அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து உனக்குச் சூப் பருக்கினான். நேர்சுமார், இப்படி ஒரு அன்பான கணவரைக் கண்டதில்லை என்றார்கள். நீயும் தலையாட்டினாய். அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் கோப்பி வாங்கப் போனேன். செத்தவீட்டில் ஒருவர் மாறி ஒருவர் மைக்கைப் பிடித்து உங்களை இலட்சியத் தம்பதிகள் என்றார்கள். உன் பொறுமையைப் பற்றி வாய் கிழியப் பேசினார்கள். பொறுமை எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்க ஒரு நாதியில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்த கையோடு அவன் குசினியை ஒதுக்கினான். "உந்தப் பழஞ்சாமானெல்லாம் எனக்கென்னத்துக்கு, வேணுமெண்ட ஆக்கள் எடுங்கோ" என்றான். பெண்கள் நல்ல சட்டிகளையும் புதுக் குக்கரையும் பார்த்தார்கள். நான் உரலை எடுத்தேன். அவன் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

இனி இந்தக் கதவின் கதை. வெக்ஸ்போர்ட்டில், பிளாசாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறதே, நீயும் நானும் குந்தியிருந்து இறைச்சி ரோல்ஸ் ஒளித்துத் தின்கிற வாங்கு போட்ட இடம். எடியே, நான் தின்ன, நீ பார்த்துக்கொண்டு இருக்கிற வாங்கு. அங்கே பெண்களுக்கு நடக்கிற கொடுமையைச் சனத்துக்கு உணர்த்த ஒரு சிற்பம் வைப்பதென்று ஒரு கமிட்டி கூடி முடிவெடுத்தது. செய்ய வந்தவள் ஆரணி, இங்கே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெட்டை. ஆள் உயரத்துக்கு மேலே ஒரு வெண்கலக் கதவு, அரைவாசி திறந்தபடி. அதன் உட்பக்கம் முழுக்க வீட்டுச் சாமான்களின் அச்சு. என்ன சாமான் தெரியுமா? பெண்களை அடித்த, எறிந்த, சுட்ட சாமான்கள். அந்த வட்டாரத்து எல்லா மொழிப் பெண்களுக்கும் அறிவித்தாள், கொண்டுவந்து தாருங்கள், அச்செடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன், பெயர் வேண்டாம் என்று.

நான் உரலை ஒரு கடைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவளுடைய வேலையிடம் ஒரு பழைய கராஜ். மேசையில் பெல்ட் பக்கிள், இஸ்திரிப்பெட்டி, ஒரு ஹொக்கி மட்டை, பிள்ளைகளின் பால் போத்தல்கூடக் கிடந்தது. நான் தொடங்கினேன், "இது என்ரை இல்லை, என்ரை சிநேகிதியின்ரை..." அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "கதை வேண்டாம் அன்ரி. பொருள் மட்டும் போதும். நீங்க எக்ஸ்பிளெய்ன் பண்ணத் தேவையில்ல." எனக்கு அந்த நேரம் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது. ஆணையிட்டது வாய்தானே. உரலுக்கு ஆர் ஆணையிட்டது?

அவள் அதைக் களிமண்ணில் அழுத்தினாள். உரலுக்கும் கைபிடிக்கும் மெழுகு பூசி நுணுக்கமாக அச்செடுத்தாள். வளைந்த இடத்தில் அவளுடைய விரல் கொஞ்ச நேரம் நின்றது. உன் மகள் வயதுதான் இருக்கும்.

சிற்பத்துக்குக் காசு சேர்க்க ஊர்ச்சங்கங்களையும் கேட்டிருக்கிறார்கள். உங்கள் சங்கத்தின் தலைவர் ஆர்? அவன்தான். அவன் தாராளமாகக் கொடுத்தான். ஆலோசனைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன், சும்மா பின் கதிரையில். "பொம்பிளையளுக்கு எண்டால் ஒரு வடிவான பொம்பிளைச் சிலை வைக்கலாமே, ஏன் கதவு?" என்றார் ஒருவர். "எங்கட ஆக்களில உது குறைவு. எண்டாலும் ஒரு விழிப்புணர்வு நல்லதுதானே" என்றார் இன்னொருவர். அவன் எழும்பி, "என்ரை மனிசியின்ரை நினைவா நான் செய்யிறன்" என்றான். கை தட்டினார்கள்.

சனிக்கிழமை நடக்கிற திறப்புவிழாவில் மங்கல விளக்கேற்ற அவனைக் கூப்பிடுவதென்று முடிவாயிற்று. நான் ஆரணியின் காதில் ஒரு சொல் போட்டிருந்தால் அதை நிறுத்தியிருக்கலாம். போடவில்லை. எனக்கு அவன் வரவேண்டும். வந்து அந்தக் கதவின் முன்னால் நின்று, கைபிடியைக் காண வேண்டும். ஆருக்கோ எல்லாம் தெரிந்திருக்கிறது என்று அவன் முகம் செத்துப்போக வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு மனிசன் தான் செய்ததை ஒரு நிமிடம் தன் கண்ணால் காண்பது, அவ்வளவுதான். உன் மகள் மிசிசாகாவில் இருக்கிறாள், எயார்போர்ட்டில் வேலை, சனிக்கிழமைகளில் லீவு கிடைக்காது என்பதால் அவளைப் பற்றி நான் பயப்படவும் இல்லை.

அன்றைக்குப் பூங்காவில் மேப்பிள் இலை பழுக்கத் தொடங்கியிருந்தது. நல்ல வெயில். எங்கள் சனம் கதவைச் சும்மா விடுமா? சீலை விலக்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, ஒரு அன்ரி போய் நிலைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார். இன்னொருவர் பெரிய செவ்வந்தி மாலையைக் கொண்டுவந்து கதவின் உட்பக்கம் தொங்கவிட்டார். சிலர் சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். பெண்ணை அடித்த சாமான்களுக்குக் கும்பிடு. ஆரணி என்ன செய்வதென்று தெரியாமல் சிரித்துக்கொண்டு நின்றாள். மாலை சரியாக உன் உரலை மூடிக்கொண்டு தொங்கியது. நான் பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் அவன் காரிலிருந்து இறங்கினான். ஓட்டிக்கொண்டு வந்தது உன் மகள். அப்பாவின் விழா என்று லீவு எடுத்திருக்கிறாள். போய் அவளை ஏதாவது சாட்டுச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போவோமா என்று எழும்பினேன். அதற்குள் அறிவிப்பாளர் தொடங்கிவிட்டார், "தம்பதிகளாக ஏற்ற வேண்டிய விளக்கை, தன் அன்புத் துணைவியை இழந்த துயரோடு தனித்து ஏற்ற வருகிறார்" என்று. கண்டறியாத விளக்கு. காற்றில் திரி நூர நூர அவன் பொறுமையாக ஏற்றினான். கதவடியில் நட்ட பலகையில் அவனுடைய முழுப் பெயரும் பொறித்துக் கிடந்தது. அதன் கீழே, அன்பு மனைவியின் நினைவாக என்று. உன் பெயர் இல்லை. சாமான் கொண்டுவந்த பெண்களின் பெயரும் இல்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

பிறகு படம் எடுக்கக் கதவின் உட்பக்கம் நிறுத்தினார்கள். அவன் நடுவில், மகள் பக்கத்தில், கமிட்டி ஆட்கள் சுற்றிவர. படம் எடுப்பவர் மாலை மறைக்கிறது என்றார். அவன் கையை நீட்டி மாலையை ஒதுக்கினான். உரல் தெரிந்தது. நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். கைபிடியை விரலால் தடவினான். பிறகு நல்ல ஆர்வத்தோடு கேட்டான், "உது இடியப்ப உரலெல்லே? ஏன் வளைஞ்சு கிடக்கு?"

நடிப்பில்லை. எனக்கு அவனைத் தெரியும், அவனுக்கு நடிக்க வராது. அவனுக்கு ஞாபகமே இல்லை. நீ அந்த வளைவைப் பிடித்துப் பிடித்து எத்தனை வருடம் அவனுக்குச் சாப்பாடு போட்டாய். அவன் ஒருநாளும் அந்த உரலைக் கவனித்துப் பார்த்ததே இல்லை. நான் அவன் பயப்படுவான் என்று நினைத்தேன், கோபப்படுவான் என்று நினைத்தேன். மறந்திருப்பான் என்று நான் நினைக்கவே இல்லையடி.

உன் மகள்தான் சொன்னாள். சத்தம் போடவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"நீங்கள்தான் அப்பா வளைச்சனீங்கள். சொதியில உப்பில்லையெண்டு அம்மாவுக்கு எறிஞ்சனீங்கள். நான் அறைக் கதவுக்குப் பின்னால நிண்டனான்."

கமிட்டி ஆட்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் செருப்பைப் பார்த்தார்கள். அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். "என்ன பிள்ளை பகிடி விடுறாய், எல்லாரும் நிக்கினம்" என்றான். அவள் சிரிக்கவில்லை. மாலையை முழுதாகக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு நடந்து போய்க் காரில் ஏறினாள். அறிவிப்பாளர் உடனே மைக்கைப் பிடித்து, அடுத்து சின்னப் பிள்ளைகளின் வரவேற்பு நடனம் என்றார். அந்தக் குழந்தைகள் பாவம், சலங்கையோடு ஓடிவந்து ஆடின.

சாப்பாட்டு வரிசையில் நின்றபோது சனம் கதைத்தது காதில் விழுந்தது. "தாயில்லாப் பெட்டை, மனம் குழம்பிப் போச்சு." "என்ன இருந்தாலும் பெத்த தகப்பனைப் பொது இடத்தில உப்பிடியோ?" "அந்த மனிசன் எவ்வளவு பார்த்தவர் மனிசியை." உன்னோடு மா குழைத்த பெண்கள் அத்தனை பேரும் அந்த உரலைக் கண்டவர்கள். வடையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி மட்டும் கை கழுவுகிற இடத்தில் என் பக்கத்தில் வந்து, "எனக்கு உது அண்டைக்கே தெரியும்" என்று இரகசியமாகச் சொன்னாள். நல்லது. அன்றைக்கே தெரிந்து என்ன செய்தாய் என்று அவளைக் கேட்டேன். முகம் கறுத்துப் போனாள். இப்போது என்னோடு கதைப்பதில்லை.

கதவு இப்போதும் நிற்கிறது. படம் உள்ளூர்ப் பேப்பரில் வந்தது, அவன் மாலையை ஒதுக்குகிற படம். பிளாசாவுக்குச் சாமான் வாங்க வருகிற பெண்கள் சில பேர் பையோடு அதன் உட்பக்கம் போய் நிற்கிறார்கள், பிறகு பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார்கள். பலகையில் அவன் பெயர் வெயிலுக்கு மினுங்குகிறது.

போன ஞாயிறு உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள். முன்னறிவித்தல் இல்லை. "அன்ரி, உரல் உங்களிட்டையோ?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். கதிரையில் இருந்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் ஆணையிட்ட கதையைச் சொன்னேன். இனி அதில் மறைக்க என்ன இருக்கிறது? "என்னில ஆணையோ?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள், அப்படி ஒரு சிரிப்பை உன்னிடம்தான் பார்த்திருக்கிறேன்.

"உன்ரை காதில ஒண்டும் விழக்கூடாதெண்டுதான் கொம்மா அவ்வளவும் பட்டவ" என்றேன். "அந்த ஹெட்ஃபோனை எவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கினவ தெரியுமோ?"

அவள் கைபிடியைத் தடவிக்கொண்டே இருந்தாள். "தெரியும் அன்ரி. ரேடியோச் சத்தம் கூடினவுடனை நான் அதைப் போட்டிடுவன். எல்லாம் முடிஞ்ச பிறகு அம்மா மெல்லமா வந்து கதவைத் திறந்து பாப்பா, நான் போட்டிருக்கிறனோ எண்டு. போட்டிருந்தால் அவவின்ரை முகத்தில ஒரு நிம்மதி வரும். அதுக்காகத்தான் போட்டனான். பாட்டு ஒருநாளும் போடேல்ல. பாட்டுப் போட்டால் அம்மாவுக்கு என்ன நடக்குதெண்டு எனக்குக் கேக்காதே."

நான் எழும்பிப் போய்ப் பைப்பைத் திறந்துவிட்டு நின்றேன். பிறகு மா குழைத்தேன். அவளே பிழிந்தாள். உரலைக் கொண்டுபோகக் கேட்கவில்லை. "நிமிர்த்திப் போடாதேங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

நிமிர்த்தமாட்டேன். மெழுகு மணத்தாலும் இதில்தான் பிழிவேன். உன்னில் எனக்கு இருக்கிற கோபமும் போகாது, அது கிடக்கட்டும். ஆனால் இந்த ஒரு விஷயத்தை உனக்குச் சொல்ல வழியில்லாமல் நான் வைத்துக்கொண்டு திரிகிறேன். உன் பிள்ளைக்குக் கேட்கக் கூடாதென்று நீ வாயை மூடிக்கொண்டு பட்டாய். அவள் கேட்காத மாதிரி உனக்காக நடித்துக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டு இருந்தாள். உங்கள் இருவருக்கும் நடுவில் இருந்து அவன் வேளாவேளைக்கு இடியப்பம் தின்றான்.